குடிசை என்று எண்ணியதும் மரபு என்று காட்டியதும்: நெல்லிவாசல்நாட்டு வீட்டை எப்படி அளப்பது?

1. கேள்வி

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுப் பாதையில் சவ்வாது மலை ஏறினால் நெல்லிவாசல்நாட்டை அடையலாம். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மலையின் இந்தப் பக்கத்து ஊர்த்தொகுதிகள் மூன்றும் பெயரிலேயே 'நாடு' என்ற பழைய அலகைச் சுமக்கின்றன. 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்களே.

இம்மலையின் பழைய புல்வீட்டைத் தேடி வெளியிலிருந்து இரண்டு வகையினர் வருகிறார்கள். படிவத்தோடு வருபவர் அதைக் 'குடிசை' என்று எழுதிக்கொண்டு போகிறார். அளவுநாடாவோடும் கேமராவோடும் வருபவர் அதையே 'மரபு வீடு' என்று எழுதிக்கொள்கிறார். முன்னவரின் ஏட்டில் அது இடித்து மாற்றவேண்டிய பொருள்; பின்னவரின் ஏட்டில் காப்பாற்றவேண்டிய பொருள். ஒரே வீட்டைப் பற்றி நேரெதிரான இரண்டு தீர்ப்புகள் எப்படி வந்தன, இரண்டும் எதைக் காணத் தவறுகின்றன, வேறு எப்படி அளக்கலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முதலில் வீட்டின் கட்டுமானத்தையும், அடுத்து 'குடிசை' என்ற சொல்லின் வரலாற்றையும் பார்ப்போம். பின்பு கணக்கெடுப்புப் படிவம், தொல்பொருள் சட்டம், கட்டடக் கலைஞரின் வரைபடம், சுற்றுலா ஆகிய நான்கு பார்வைகளையும் ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

2. வீடு: பொருளும் வேலையும்

மலையாளிகளைப் பற்றிய பழைய எழுத்துகளில் வீட்டைவிட வம்சக் கதைக்கே இடம் அதிகம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் சவ்வாது மலைக்கான கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிச் செல்கிறார்கள். மீட்கப் புறப்பட்ட ஆண்கள் எழுவரும், தங்கள் நாய்கள் மட்டும் ஊர் திரும்பினால் தங்களை இறந்தவர்களாகக் கொள்ளும்படி மனைவியரிடம் சொல்லிப் போகிறார்கள். நாய்கள் முந்திவிடுகின்றன, சாச்சடங்கு முடிந்துவிடுகிறது. உயிரோடிருந்தும் ஊருக்குள் இடமற்றுப் போனவர்கள் வேடப் பெண்களை மணந்து மலையேறுகிறார்கள். இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தாங்கள் உழவர்கள், மலையில் வந்து குடியமர்ந்தவர்கள் என்று இம்மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அவர்கள் கட்டிய வீட்டிலும் தெரிகிறது. அது தானியத்தை மையமாக வைத்துக் கட்டிய வீடு.

நான்கு மூலையிலும் இடையிலும் மரக்கால் நட்டு, மூங்கிலைப் பிளந்து தப்பையாக்கி, கால்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். மண்ணில் தாளையோ வைக்கோலையோ போட்டு மிதித்து, ஊறவிட்டு, பின்னலின் இரு புறமும் அப்புவார்கள். காய்ந்தபின் விட்ட வெடிப்புகளை அடைத்துச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுவார்கள். மேலே மூங்கில் கைமரம். அதன்மேல் மலைப்புல்லை அடுக்கடுக்காக வேய்வது. கூரையின் இறவாணம் தாழ இறங்கி மண்சுவரை மழைச்சாரலிலிருந்து மறைக்கும். ஆகவே உள்ளே போகத் தலை குனிய வேண்டும். வெளியார் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் மண்சுவருக்குக் குடை பிடிப்பது அந்தத் தாழ்வாரம்தான்.

உள்ளே அடுப்புக்கு மேலே பரண். சாமை, தினை, கேழ்வரகு, விதைத் தானியம் எல்லாம் அங்கே. அடுப்புப் புகை பரணைத் தடவிக் கூரைப்புல்லின் ஊடே கசிந்து வெளியேறும். அந்தப் புகை விதையை வண்டிலிருந்து காக்கிறது; புல்லை ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கிறது. கூரையின் உட்புறம் தார் பூசியதுபோல் கறுத்துப் பளபளப்பதற்குக் காரணம் இதுவே. அடுப்பு, பரண், கூரை மூன்றும் சேர்ந்தே இயங்குகின்றன. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாக எரிவாயு அடுப்பு வந்தது. பெண்களின் நுரையீரலுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் புகை நின்ற வீட்டில் புல் விரைவாக மட்குகிறது. ஒரு நன்மை இன்னொரு ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த வீடு ஒருமுறை கட்டி முடிக்கப்படுவது இல்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும்; மழைக்காலம் கழிந்ததும் சுவர் பூச வேண்டும்; தரையையும் திண்ணையையும் அடிக்கடி மெழுக வேண்டும். வேய்வது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. இன்று என் கூரைக்கு நீ வந்தால் நாளை உன் கூரைக்கு நான் வருவேன் என்ற கைமாற்றில் நடப்பது. ஆகவே இந்த வீடு நிற்பதற்கு மூன்று வேண்டும்: அருகில் புல்லும் மூங்கிலும், வேயத் தெரிந்த கை, கூடிவர ஆள். வீட்டின் அடித்தளம் என்று எதையாவது சொல்வதென்றால் இம்மூன்றையும்தான் சொல்ல வேண்டும்.

3. 'குடிசை' என்னும் சொல்

சங்க இலக்கியத்தில் குடிசையைக் குறிக்கும் 'குரம்பை' என்ற சொல் இழிவைச் சுமக்காமல் வருகிறது. பெரும்பாணாற்றுப்படை எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என நிலத்துக்கு நிலம் குடியிருப்புகளை வரிசையாக விவரிக்கிறது. ஈந்திலை வேய்ந்த எயினர் வீடு முள்ளம்பன்றியின் முதுகைப்போல் இருந்ததாக அது காட்டுகிறது. அங்கு வீடு நிலத்தின் அடையாளமாக நிற்கிறது. ஏழ்மையின் அளவுகோலாக அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் 'குடிசை' வேறொரு பொருள் பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1970-இல் சென்னையில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. மாற்றப்படவேண்டியது எது என்பதை வாரியத்தின் பெயரே சொன்னது. (2021-இல் அப்பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றானது.) 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாதென்றானது. இத்தனைக்கும் பிறகு ஒரு தமிழருக்குக் கூரைவீட்டைப் பார்த்ததும் நெஞ்சில் ஓர் அச்சம் தட்டினால், அதில் வியப்பொன்றுமில்லை.

அரசின் வீட்டுத் திட்டங்கள் இந்த நினைவிலிருந்து எழுந்தவை. 1985-இல் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம், 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, இப்போது கலைஞரின் கனவு இல்லம். குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2030-க்குள் எட்டு இலட்சம் வீடுகள் கட்டுவதும், வீட்டுக்கு 3.50 இலட்சம் ரூபாய் தருவதும் இத்திட்டம். வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம்.

இந்த நோக்கத்தைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் ஆய்வாளர் ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். கீழ்வெண்மணி இருக்கும் கீழத்தஞ்சையில் கூலி உழவரின் குடிசை, மனைக்கட்டுக்கூட உரிமையில்லாமல் பண்ணையாரின் தயவில் நின்றது. நிலமின்மையே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. சவ்வாது மலையின் புல்வீடு, தானே உழுது தானே சேமிக்கும் குடியானவரின் வீடு. கூரைப்பொருள் ஒரே மாதிரி தெரிவதால் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

4. படிவத்தின் கட்டங்கள்

இந்தச் சொல் நிர்வாகத்துக்குள் எப்படி இறங்குகிறது என்பதற்கு 2011 கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் படிவம் நல்ல சான்று. மொத்தம் 35 கட்டங்கள். தரை, சுவர், கூரை ஆகியவற்றின் முதன்மைப் பொருள் எது என்பதை 4, 5, 6 ஆகிய கட்டங்கள் கேட்கின்றன. சுவருக்கான குறியீடுகளைப் பாருங்கள்: புல், ஓலை, மூங்கில் என்றால் 1, பிளாஸ்டிக் என்றால் 2, மண் அல்லது சுடாத செங்கல் என்றால் 3, மரம் என்றால் 4, இப்படியே கான்கிரீட்டுக்கு 9 வரை.

மேலே விவரித்த சுவருக்கு என்ன குறியீடு போடுவது? எலும்பு மூங்கில், சதை மண். மூங்கில் என்று 1 போட்டால், புல்கூரையோடு சேர்ந்து அந்த வீடு கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் 'பயன்படத்தகாத தற்காலிக வீடு' ஆகிறது. மண் என்று 3 போட்டால் 'பயன்படத்தக்க தற்காலிக வீடு' ஆகிறது. வீடு ஒன்றே, கணக்கெடுப்பாளரின் கண் பூச்சின்மேல் விழுந்ததா, பூச்சு உதிர்ந்து தெரியும் தப்பையின்மேல் விழுந்ததா என்பதைப் பொறுத்து அதன் தகுதி மாறிவிடுகிறது. மழைக்கு முன்பு வந்தாரா, பின்பு வந்தாரா என்பதுகூட விடையை மாற்றலாம்.

எட்டாம் கட்டம் வீட்டின் நிலையைக் கேட்கிறது: நன்று, வாழத்தக்கது, சிதைந்தது. கூரை மாற்றவேண்டிய ஆண்டில் போனால் எந்தப் புல்வீடும் சிதைந்ததாகவே தெரியும். மாற்றிய மறுமாதம் போனால் நன்றாகவே தெரியும். நிலைத்து நிற்கும் பொருளை எண்ண வகுத்த படிவம், புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வீட்டின் முன் தடுமாறுகிறது. புல்லை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள், கடைசியாக எப்போது வேய்ந்தீர்கள், யார் வேய்ந்தார்கள் என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

கணக்கெடுப்புத் துறைக்கு இத்தகைய நுட்பம் என்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1961 கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்துக்கு பி. கே. நம்பியார் பொறுப்பாளராக இருந்தார். அப்போது தேர்ந்தெடுத்த ஊர்களைப் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்கள் வெளிவந்தன. வீடு, உடை, உணவு, தொழில் என ஊரை உள்ளிருந்து பார்க்க முயன்றவை அவை. அந்த முறை தொடராமல் போனது நமக்கு இழப்பு.

5. நூறு ஆண்டு என்னும் வரம்பு

குடிசை என்ற தீர்ப்புக்கு மாற்றாக 'பாரம்பரியம்' என்ற தீர்ப்பு இந்த வீட்டைக் காப்பாற்றுமா? சட்டத்தைத் திறந்தால் அங்கும் இடமில்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சட்டப்படி ஒரு கட்டுமானம் பழைய நினைவுச்சின்னம் ஆக, குறைந்தது நூறு ஆண்டு நின்றிருக்க வேண்டும். கல்லுக்கும் செங்கலுக்கும் இந்த அளவு பொருந்தும். கூரையும் சுவரும் சில ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகும் வீட்டுக்கு வயது எங்கிருந்து எண்ணுவது?

இதில் ஒரு முரண் இருக்கிறது. சவ்வாது மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. தமிழகமெங்கும் இத்தகைய திட்டைகளைக் குள்ளர் வீடு, வாலியர் வீடு, பாண்டவர் வீடு என்று மக்கள் 'வீடு' என்றே சொல்வார்கள். மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையின் நூலாக வந்தன. செத்தவர்களுக்குக் கட்டிய கல்வீடு வரலாறு ஆகிறது. இருப்பவர்கள் வாழும் புல்வீடு வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது. கல்லைக் காக்கத் தெரிந்த நமக்குக் கைவேலையைக் காக்கும் வழி தெரியவில்லை.

இந்தச் சிக்கலைப் பிற நாடுகள் வேறு விதமாக அவிழ்த்திருக்கின்றன. சப்பானின் இசே கோயில் 20 ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டப்படுகிறது. 2013-இல் 62-ஆவது முறை கட்டினார்கள். அதன் கூரையும் புல்தான். அங்குள்ள மரம் எதற்கும் ஆயிரம் வயதில்லை. கட்டும் முறைக்கு உண்டு. பழமையின் உண்மைத்தன்மையைப் பொருளில் மட்டும் தேடக் கூடாது, முறையிலும் பயன்பாட்டிலும் தேட வேண்டும் என்ற கருத்தை 1994-இல் நாரா நகரில் உருவான ஆவணம் உலக அளவில் நிலைநாட்டியது. 2020-இல் சப்பானிய மரக்கட்டட நுட்பங்களை யுனெஸ்கோ தொட்டுணரா மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, கூரை வேய்தலும் அதில் இடம்பெற்றது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீலகிரியில் தோடர்கள் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டும் கோயில்களைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கிறார்கள். அதற்கு வேண்டிய ஒருவகைப் புல் சதுப்புநிலத்தில் மட்டுமே வளர்வது. சதுப்புகள் வடிக்கப்பட்டுத் தோட்டங்களாக, அயல்மரக் காடுகளாக மாறியதில் அந்தப் புல் அரிதாகிவிட்டது. கோயிலைக் காக்க நினைத்தவர்கள் முதலில் சதுப்பைக் காக்க வேண்டியிருந்தது. நெல்லிவாசல்நாட்டுக்கு இது நேரடியான பாடம்.

6. அளவுநாடாவோடு வருபவர்

பெர்னார்ட் ருடாப்ஸ்கி 1964-இல் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சியின் தலைப்பு 'கட்டடக் கலைஞர்கள் இல்லாத கட்டடக்கலை'. பெயரற்ற மக்கள் கட்டிய வீடுகளைப் படிப்பாளிகள் மதிக்கத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அத்தலைப்பையே திருப்பிக் கேட்கலாம்: உண்மையில் அங்கே கட்டடக் கலைஞர் இல்லையா? தேய்பிறையில் மூங்கில் வெட்டினால் பூச்சி பிடிக்காது என்று நாள் பார்ப்பவர், மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே அதில் தாள் எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்பவர், சரிவைக் கண்ணால் அளந்து கூரையின் வாட்டத்தை முடிவு செய்பவர் எல்லாம் யார்?

நம் நாட்டில் இது சட்டக் கேள்வியும்கூட. 1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டப்படி, அதன் மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டத்துக்குத்தான் காப்பு, தொழிலைச் செய்யப் பிறருக்குத் தடையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆக, மலையில் வீடு கட்டுபவர் தொழிலைச் செய்யலாம், பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. கோயில் கட்டும் மரபுக்கு 1957-இலேயே மாமல்லபுரத்தில் அரசு கல்லூரி அமைந்தது. கல்லில் வேலை செய்யும் ஸ்தபதிக்குப் பட்டமும் உண்டு, மதிப்பும் உண்டு. புல்லில் வேலை செய்பவருக்கு இரண்டும் இல்லை.

உள்ளூர் அறிவை மதித்த கட்டடக் கலைஞர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) கொத்தனாரோடு உட்கார்ந்து வேலை செய்தவர். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த, மரபு வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவின் தொடக்க வடிவமைப்பும் அவருடையது; பென்னி குரியாகோஸ் அதைத் தொடர்ந்தார். ஆரோவில் மண் ஆய்வு நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண்கற்களைப் பரப்பிவருகிறது. சவ்வாது மலைக்கு அருகே திருவண்ணாமலையில் பிஜு பாஸ்கர் தொடங்கிய குழு, கையால் மண்வீடு கட்டப் பயிற்சி தருகிறது.

இம்முயற்சிகளை மதித்துக்கொண்டே இரண்டு குறைகளைச் சொல்லலாம். ஒன்று, மரபு வீடு என்று நாம் தொகுத்தது பெரும்பாலும் சமவெளியின் வரிசை. தட்சிணசித்ராவின் தமிழ்நாட்டுப் பகுதியில் நகரத்தார் வீடும், அக்கிரகார வீடும், நெசவாளர், குயவர், உழவர் வீடுகளும் கண்முன் நிற்கின்றன. மலைக்கு அந்த மனச்சித்திரத்தில் இடம் குறைவு. இரண்டு, மண்வீடு இன்று வசதியுள்ளவரின் விருப்பமாகிவிட்டது. நகரத்தை விட்டு வந்து மண்ணில் வீடு கட்டுபவரைப் பற்றி வார இதழ் கட்டுரை எழுதுகிறது. பரம்பரையாக மண்வீட்டில் இருப்பவரைக் குடிசைவாசி என்கிறது.

கட்டடக் கலை மாணவர்கள் எடுக்கும் அளவுப்படங்களுக்கும் ஓர் எல்லையுண்டு. தளப்படம், வெட்டுத்தோற்றம், முகப்பு மூன்றும் வீட்டை ஒரு நாளில் உறைய வைத்த படங்கள். பரணின் உயரம் அதில் வரும். பரணில் தானியம் இருந்ததா என்பது வராது. கூரையின் சரிவு வரும். புல்லறுக்க எத்தனை மைல் நடந்தார்கள் என்பது வராது.

7. ஆற்றுப்படையும் சுற்றுலாவும்

காரைக்குடியிலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் நடைகள் இன்று ஒரு தொழில். ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் கோடை விழாக்கள் நடக்கின்றன. மலைவீட்டையும் இந்த வரிசையில் சேர்த்தால் வருமானம் வரும், அதனால் வீடு பிழைக்கும் என்பது ஒரு வாதம்.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு பழைய வழிகாட்டி நூல், ஓர் ஆற்றுப்படை, நம்மிடம் இருக்கிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகளில் ஒரு மலைப்பயணத்தை விவரிக்கிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம், சவ்வாது மலையின் அடிவாரம். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, எங்கே வழுக்கும் என்றெல்லாம் கூத்தருக்கு அது சொல்கிறது. மலைவாழ் குடிகளின் வீட்டுக்குப் போகும்போது வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் போவதுபோல் உரிமையோடு போகலாம் என்றும் சொல்கிறது. அங்கே விருந்தாளி வீட்டைப் பார்க்கப் போகவில்லை, வீட்டாரிடம் போகிறார். கலையைக் கொடுத்துச் சோறு பெறுகிறார். இரு பக்கமும் கொடுக்கலும் வாங்கலும் உண்டு.

இன்றைய சுற்றுலாவில் இந்தச் சமநிலை இல்லை. வீட்டின் வெளித்தோற்றம் காட்சியானதும், அத்தோற்றத்தைக் கலைக்காமல் வைத்திருக்கும் பொறுப்பு வீட்டாரின் தலையில் விழுகிறது. படம் அழகாக வரவேண்டுமென்பதற்காக ஒரு குடும்பம் ஒழுகும் கூரையின் கீழ் இருக்க வேண்டுமா? உதகை தாவரவியல் பூங்காவின் தோடர் குடியிருப்பு பல்லாண்டாகப் பயணிகளின் நிறுத்தமாக இருக்கிறது. ஆனால் தோடர் கோயிலுக்கு வேண்டிய புல் அரிதானதை முன்பே பார்த்தோம்; அதைப் பயணச்சீட்டு வளர்க்கவில்லை.

8. ஒரு மறுப்பும் அதன் விடையும்

"மலைமக்களே கான்கிரீட் வீடு கேட்கிறார்களே, நீங்கள் யார் புல்லுக்கு வாதாட?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீ, பாம்பு, ஒழுக்கு, ஆண்டுதோறும் ஓயாத வேலை, அந்த வேலையில் பெண்களின் முதுகில் ஏறும் பாரம் எல்லாம் உண்மை. வெளியூர்த் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் பிழைக்கப் போகும் குடும்பத்துக்குப் பூட்டிவிட்டுப் போகத்தக்க வீடு வேண்டும். கான்கிரீட் வீடு பட்டாவுக்கும் மரியாதைக்கும் அத்தாட்சியாகவும் இருக்கிறது. அந்த விருப்பத்தைக் குறைத்துப் பேச இக்கட்டுரைக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த விருப்பம் எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்க உரிமையுண்டு. மூங்கிலும் புல்லும் இருப்பது காட்டில். காடு காப்புக்காடானபின், வீட்டுக்கு வேண்டியதைக் கொண்டுவருவது அனுமதிக்குக் காத்திருப்பதாக, சில வேளை குற்றமாக மாறியது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கில் உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலோ உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உரிமை வழங்கல் முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் அந்தத் தடை விலகியது. புல் கிடைக்காத இடத்தில் கூரை மட்கும். மட்கிய கூரைமேல் தார்ப்பாய் ஏறும். தார்ப்பாய் போட்ட வீட்டைப் பார்த்துப் படிவம் 'சிதைந்தது' என்று எழுதும். புல்வீடு ஏழ்மையின் அடையாளமாக மலையேறி வரவில்லை. புல்லுக்கான உரிமையும் வேய்வதற்கான ஆளும் கைநழுவிய பிறகே அது ஏழ்மையின் வீடானது.

இப்படிப் பார்த்தால் குடிசையா மரபா என்ற வழக்கே பிழையாக வைக்கப்பட்டது. இரு தரப்பும் வீட்டைப் பொருளாகப் பார்க்கின்றன. அது ஒரு வேலைமுறை. அதன் மூலப்பொருள் காட்டிலும், அதன் அறிவு கையிலும், அதன் கூலி கைமாற்றிலும் இருக்கிறது. மூன்றில் ஒன்று போனாலும் வீடு நிற்காது. மூன்றும் இருந்தால், கூரை கான்கிரீட்டானாலும் அறிவு தங்கும்.

9. முடிவாக

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு நம்முன் இருக்கிறது. அதன் தேசியப் படிவத்தை ஒரு மலைக்காக மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டாரக் கல்லூரிகளும் கட்டடக் கலை மாணவர்களும் ஊராட்சிகளோடு சேர்ந்து தனியாக ஒரு வீட்டுக் கணக்கு எடுக்கலாம். அதில் அளவுப்படத்தோடு ஆறு கேள்விகள் இருந்தால் போதும். புல்லும் மூங்கிலும் எங்கிருந்து வந்தன? அதற்கு அனுமதி இருந்ததா? கடைசியாக வேய்ந்தது எந்த ஆண்டு? வேயத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது? கூடிவரும் கைமாற்று இன்னும் உண்டா? வீட்டில் எதை மாற்ற நினைக்கிறீர்கள், எதை விடமாட்டீர்கள்?

கடைசிக் கேள்வியின் விடையை வைத்துப் புதிய வீட்டின் திட்டத்தையே திருத்தலாம். கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் தானியத்துக்குப் பரண் எங்கே என்று கேட்க அது வழிவிடும். தீப்பிடிக்காத வேறு கூரைக்கு ஒதுக்கிய 60 சதுர அடியைக் களிமண் ஓடு போட்ட திண்ணையாக்க முடியுமா என்றும் கேட்கலாம். வேயத் தெரிந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தால், அவர்களிடம் கற்றுக்கொள்ள இளைஞருக்குக் கூலியோடு கூடிய பயிற்சி தரலாம். ஊர்ப்பொதுவில் ஒரு வீட்டையாவது அவர்கள் கையாலேயே வேய்ந்து பேணலாம். கிராம சபை கேட்டுப் பெறவேண்டிய வன உரிமை இவை எல்லாவற்றுக்கும் முந்தியது.

நெல்லிவாசல்நாட்டுக்கு அளவுநாடாவோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாழ்ந்த இறவாணத்தின் கீழ் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கும். போனதும் நாடாவை எடுக்காதீர்கள். முதலில் உட்கார்ந்து, இந்தக் கூரையை யார் வேய்ந்தது என்று கேளுங்கள். உங்கள் ஏட்டில் முதலில் எழுதவேண்டியது அந்தப் பெயர்.